எலிக்குக் கேட்கக் கூடாது

காலையில் சர்க்கரை மாத்திரையும் ராத்திரி பிரஷர் மாத்திரையும் விழுங்கிக்கொண்டு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் சின்ன வயதைத் தோண்டிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். என் மருமகளிடம் சொன்னால் முதலில் எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்பாள். அப்புறம் போனில் எதையோ தேடிப் பார்த்து, நான் செத்திருக்க வேண்டும் என்று சொல்வாள்.

போன நோன்பு மாசம் எங்கள் ஃப்ளாட்டில் எலி வந்துவிட்டது. ஏழாவது மாடி. லிஃப்டில் வந்ததோ குழாய் வழியாக வந்ததோ தெரியாது. மருமகள் ஒரு பசை அட்டை வரவழைத்தாள். புத்தகம்போல விரித்து அடுப்படி மூலையில் வைத்தால் எலி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு கீச்சிட்டது. அதைத் தூக்கி எறியவும் எனக்குக் கை வரவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. “இதுக்கு அந்தக் காலத்து மருந்தே தேவலாம் போல” என்றேன்.

சக்கர நாற்காலியில் இருந்த அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அவளுக்கு எண்பத்தைந்து வயது. “மெல்லப் பேசு. எலிக்குக் கேக்கும்.”

ஐம்பத்தைந்து வருஷமாக நான் வாய் திறக்காத ஒரு விஷயம் அந்த விரலுக்குப் பின்னால் இருந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு ஒரு கிடங்குக்கு மேலே இருந்தது. கீழே சுக்கும் கொப்பரையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே நாங்கள். பலகைத் தரையின் இடுக்கு வழியாகச் சுக்கு வாசனை ஏறி வந்து துணிமணி, தலையணை, பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உனக்கு எப்போதும் ஜலதோஷமா என்று கேட்டிருக்கிறாள். அத்தா, அம்மா, அத்தாவின் தங்கையான மாமி, நான். வீட்டில் நாலு பேர்தான். பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டார் பாலக்காட்டிலிருந்து திருப்பி அனுப்பிய மாமி. அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. எனக்கு ஒன்பது.

எங்களைத் தவிர எலிகள். கொப்பரை தின்று வளர்ந்த எலிகள். அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். ஒரு கிடங்கில் அரிசி, அடுத்ததில் முந்திரி, அதற்கடுத்ததில் எள். வேளைக்கு ஒரு கிடங்கு என்று விருந்து சாப்பிட்ட எலிகள். எங்கள் எலிப்பொறியில் அம்மா காய்ந்த தேங்காய்ச் சில்லை மாட்டி வைப்பாள். அதைத் திரும்பிப் பார்க்கவும் ஆளில்லை. “இதுங்களுக்கெல்லாம் பிரியாணிதான் வெக்கணும்” என்று அத்தா சலித்துக்கொள்வார்.

ஒரு பூனையும் வந்தது. மீன்காரர் ஒருவர் வைப்பின் தீவிலிருந்து சாக்கில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். அயிலை மீன் தலை தின்று பழகிய பூனை. முதல் வாரமே ஒரு பெருச்சாளி படியில் எதிரே வந்து நின்றபோது, பூனை என் பாவாடைக்குள் வந்து ஒளிந்துகொண்டது. மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மாமி அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததாக நினைவில்லை.

எலிகளோடு ஒருவிதமாக ஒத்துப்போய்விட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஃப்ராக் வரும் வரைக்கும்.

அந்த வருஷம் நான் முதல் நோன்பு வைப்பதாக இருந்தது. எங்கள் வீட்டு வழக்கம், பிள்ளை முதல்முதலாக ஒரு முழு நோன்பு வைக்கும் நாளில் சொந்தக்காரர்களை அழைத்து, புதுத் துணி உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, எல்லார் நடுவிலும் உட்காரவைத்து நோன்பு திறக்கச் செய்வார்கள். அதற்காக அம்மா எர்ணாகுளம் பிராட்வேயில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருந்தாள். இளம் பச்சையில் பளபளவென்று ஒரு ஃப்ராக். நோன்புக்கு ஐந்து நாள் முன்னால் பெட்டியைத் திறந்தால், நெஞ்சுக்கு நேரே கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த வீடுபோல ஆகிவிட்டது. மாமிதான் ஃப்ராக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இதென்ன பெரிய காரியம், மதினி” என்றாள். மறுநாள் மத்தியானத்துக்குள் அந்த ஓட்டையின் மேல் சிவப்பு நூலில் ஒரு செம்பருத்திப் பூ மலர்ந்திருந்தது. ஓட்டை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பூவுக்காகவே தைத்த ஃப்ராக் மாதிரி இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மாமியின் கையைப் பிடித்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள் இல்லை. இதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எலிகளை இனி விடுவதில்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அத்தாவிடம் சொல்லி மருந்து வரவழைத்தாள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் விஷயமே.

எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. எலிக்குக் காது உண்டு. மனுஷர் பேச்சு அதற்குப் புரியும். மருந்து வைப்பதைப் பற்றி வீட்டுக்குள் பேசினால் அது கேட்டுக்கொண்டு, குடும்பத்துக்கெல்லாம் சொல்லிவிடும். அப்புறம் எத்தனை ருசியாக வைத்தாலும் ஒன்றும் வாய் வைக்காது. அதனால் மருந்து வைக்கிற வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கண்ணால் காட்டுவார்கள், கையால் காட்டுவார்கள், அவ்வளவுதான். எலியின் பெயரைக்கூட எடுக்க மாட்டார்கள். சிரிக்காதீர்கள். சுவருக்குக் காது என்று நம்பிக்கொண்டு நாமெல்லாம் என்னென்ன பேசாமல் இருந்திருக்கிறோம்.

நான் ஓத்துப்பள்ளிக்குக் குர்ஆன் ஓதப் போயிருந்த ஒரு காலையில், மாமி உண்டை பிடித்தாள். அந்தத் தெரு எலிகளின் நாக்கை அறிந்தவள் அவள். தேங்காயைச் சிவக்க வறுத்து, வெல்லம் போட்டு, நெய் விட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு, அப்புறம் அந்த மருந்து. நெல்லிக்காய் அளவில் பதினோரு உண்டை. ஏணி வைத்து ஏறி, என் கை எட்டாத பரண் மேலே வைத்தாள். தினம் காலையில் ஏறி எண்ணிப் பார்ப்பாள். இத்தனையும் நான் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நெய்யும் ஏலக்காயும் மணத்தது. “என்ன மாமி செஞ்சே?” என்று கேட்டேன். மாமி வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்காக, என் நோன்புக்காக ரகசியமாக ஏதோ பலகாரம் செய்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் வேறு என்ன நினைக்க முடியும்?

நோன்பு நாள் வந்தது. காலை பத்து மணிவரை ராணி மாதிரி இருந்தேன். பன்னிரண்டு மணிக்குத் தலை சுற்றியது. வெயில் ஓட்டுக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மண்பானையில் இருந்த தண்ணீரின் வாசனை எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்கு வாசனை உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அம்மா வந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “முடியலன்னா திறந்துரு மோளே. அல்லா சின்னப் பிள்ளைகளைக் கணக்குல வெக்கமாட்டான்” என்றாள் மாமி. நான் தலையை ஆட்டினேன். அத்தா தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் நோன்பைச் சொல்லிவிட்டிருந்தார். பெரியம்மா பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறிக் கூடையோடு வந்திறங்கிவிட்டாள். நான் எப்படித் திறப்பது?

சாயங்காலம் எல்லாரும் அஸர் தொழுகைக்கு நின்றார்கள். அடுப்படியில் ஒருவரும் இல்லை. நான் ஏன் அங்கே போனேன் என்று கேட்டால், கால் தானாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். சும்மா வாசனை பிடிக்கத்தான் போனேன். அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தட்டுகள் அடுக்குகிற அலமாரி. கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. உள்ளே, கீழ்த்தட்டில், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு உண்டைகள்.

நெய்யில் பளபளத்தன. எனக்காகச் செய்தது, எப்படியும் எனக்குத்தானே தரப்போகிறார்கள் என்று தோன்றியது. ஒன்றை எடுத்து முழுதாக வாயில் போட்டேன். என் ஆயுசில் அத்தனை ருசியான பலகாரத்தைத் தின்றதில்லை. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. விழுங்கிய பிறகுதான் நோன்பு முறிந்துபோனது உறைத்தது. மறந்து தின்றால் நோன்பு முறியாது என்று ஓத்துப்பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் நான் மறந்து தின்னவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஓடிப்போய்ப் பாயில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து எழுப்பி, முகம் கழுவி, பச்சை ஃப்ராக்கை மாட்டி, பிச்சிப்பூ வைத்தாள். கூடத்தில் விரிப்பு விரித்து நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். சுற்றிலும் இருபது பேராவது இருப்பார்கள். முன்னால் பேரீச்சம்பழம், தரிக்கஞ்சி, நேந்திரம்பழ உன்னக்காய், சமோசா. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம். எனக்கு வயிற்றுக்குள் யாரோ கயிற்றை முறுக்குவதுபோல இருந்தது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

“முகத்தைப் பாரு, வெளுத்துப் போச்சு” என்றாள் ஒருத்தி.

“நோன்புக் களைப்பு. இதுதான் அல்லாவோட பரக்கத்து” என்றாள் பெரியம்மா. “இன்னும் இத்திரி நேரம், கண்ணு. பிடிச்சுக்கோ. மலக்குங்க பாத்துட்டிருக்காங்க.”

வானத்திலிருந்து மலக்குகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயத்தில்தான் எனக்கு வயிறு வலிக்கிறது என்று நான் நினைத்தேன். பொய் நோன்புக்குத் தண்டனை. வாயைத் திறக்கவில்லை.

கூடத்தில் இருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கரண்டியோடு நின்றிருந்தாள். மாமி தட்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். குனிந்து சிரட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு மாமியின் கண் என்மேல் வந்தது.

அந்தப் பார்வையை நான் அன்று பார்த்தேன். புரிந்துகொண்டது இப்போதுதான்.

மாமி நேரே வந்து என் பக்கத்தில் குந்தினாள். எல்லாரும் இருந்ததால் காதுக்குள் கேட்டாள்.

“மோளே, அலமாரியில இருந்து எதாச்சும் எடுத்தியா?”

“இல்ல மாமி. எனக்கு நோன்பு.”

“உள்ளதைச் சொல்லு. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்.”

“இல்ல.”

“அல்லா மேல?”

“அல்லா மேல” என்றேன்.

மாமி என் வலது கையை எடுத்து முகர்ந்தாள். அவ்வளவுதான். என்னை ஒரு மூட்டையைப்போல இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்துக் குளியல் அறைக்கு ஓடினாள். போகிற போக்கில் உப்புச் சாடியை எடுத்துக்கொண்டாள். செம்புத் தண்ணீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கி, என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினாள். நான் கத்தினேன். “மாமி, நோன்பு! நோன்பு!” என்று கத்தினேன். பாருங்கள், அப்போதும் அதைத்தான் சொன்னேன். அவள் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். நான் கடித்தேன். அவள் எடுக்கவில்லை. இப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று இப்போதைய டாக்டர்கள் சொல்கிறார்கள். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

பச்சை ஃப்ராக்கின் மேல், அந்தச் செம்பருத்திப் பூவின் மேல், எல்லாம் வெளியே வந்தது.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. “படச்சோனே!” என்று அலறினாள் பெரியம்மா. “பாங்குக்குப் பத்து நிமிஷம்! பிள்ளையோட நோன்பைக் கெடுத்துட்டாளே!”

“பெத்திருந்தாத் தெரியும்” என்று ஒரு குரல் சொன்னது.

“கண்ணுல கொள்ளி. காலைலேர்ந்து திறந்துரு திறந்துருன்னு சொல்லிட்டிருந்தா. நான் கேட்டேன்.”

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மாமியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை, என்னைக்கூட. மாமி கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தலையில் முக்காடு இல்லாமல், ரவிக்கை முழுக்க நான் எடுத்த வாந்தியோடு, நோன்பு திறக்க ஆட்கள் வீடுகளுக்கு விரைந்துகொண்டிருந்த அந்தத் தெருவில் அவள் ஓடினாள். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். வீட்டு வாசல் தாண்டும்போது முக்காட்டை இரண்டு தடவை இழுத்துவிட்டுக்கொள்கிறவள் அவள்.

தெருக்கோடியில் டிஸ்பென்சரி. டாக்டர் போய்விட்டார். கம்பவுண்டர் சேட்டன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மாமி அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னை பெஞ்சில் படுக்கவைத்து, கரியைப் பொடித்துக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். டாக்டருக்கு ஆள் அனுப்பினார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மாமிக்கும் அன்று நோன்புதான். அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. என் கையைப் பிடித்து நாடியை எண்ணுகிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

அத்தா மூச்சிரைக்க வந்தபோது கம்பவுண்டர் மாமியைப் பார்த்தார். மாமி சொல்ல வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். அவர் அத்தாவிடம், “கொச்சு குட்டியல்லே, வெயிலும் பட்டினியும் தாங்கலை. பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணுமில்ல” என்றார். டாக்டர் வந்து பார்த்து, இரண்டு நாள் இளநீரும் கஞ்சியும் கொடுக்கச் சொன்னார். நான் பிழைத்துக்கொண்டேன்.

மாமிதான் பிழைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் வீட்டில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் பெரியம்மா வந்து அத்தாவை உட்காரவைத்துப் பேசினாள். வயசுக்கு வரப்போகிற பெண் இருக்கிற வீட்டில், இப்படிக் கண் போடுகிறவளை வைத்திருக்கலாமா என்றாள். அத்தா நல்லவர்தான். ஆனால் தெரு முழுக்கப் பேசிவிட்டது. பள்ளுருத்தியில் தூரத்துச் சொந்தமான ஒரு தையல்கார அம்மாள் வீட்டில் மாமியைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாயிற்று. பெருநாள்வரைகூட வைத்திருக்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தின்றது எலி மருந்து என்பது அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியென்றால், பரணுக்கு அடியில் செத்துக் கிடந்த எலிகளை மாமி வாரியபோது, ஒன்றின் பக்கத்தில் பாதி உண்டை கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். ‘நான் தின்றேன், மாமி என்னைக் காப்பாற்றினாள்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால், நான் நோன்பை முறித்ததையும் அல்லா மேல் ஆணையிட்டுப் பொய் சொன்னதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

போகிற அன்று காலையில் மாமி எனக்குத் தலை வாரிவிட்டாள். நடுவிரலில் என் பல் பட்ட இடத்தில் துணி சுற்றியிருந்தது. சிக்கெடுத்துக்கொண்டே, “கசப்பா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்ல, ருசியா இருந்துச்சு” என்றேன்.

என் பின்னால் அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. சீப்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி வார ஆரம்பித்தாள்.

பள்ளுருத்தி ஒன்றும் வெளிநாடில்லை. பஸ் ஏறினால் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தைக் கடக்க எங்களால் முடியவில்லை. பெருநாளுக்கு அத்தா மட்டும் போய்த் துணி கொடுத்துவிட்டு வருவார். அம்மா போகவில்லை. என்னையும் விடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உண்டை பிடிக்கவில்லை. எலிகள் பழையபடி படியில் எதிரே வந்து நின்றன. அம்மா அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனாள். எலி மருந்து என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. பழக்கத்தில் எடுக்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை மாமியைப் பார்த்தேன். என் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அம்மாவோடு பிராட்வேக்குப் போயிருந்தபோது, எதிர்க்கடையில் நூல்கண்டு வாங்கிக்கொண்டு நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. அம்மா சட்டென்று திரும்பி வேறொரு கடைக்குள் நுழைந்துவிட்டாள். நான் நின்றேன். மாமி கூட்டத்தினூடே வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, “நல்லாருக்கியா மோளே? நோன்பெல்லாம் முழுசா வெக்கிறியா?” என்று கேட்டாள். குறும்பாகத்தான் கேட்டாள். நான் மண்டையை ஆட்டினேன். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அம்மா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். போய்விட்டேன். மாமி இறந்து இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

சரி, பசை அட்டைக்கு வருகிறேன். எலி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மருமகள் வேலையிலிருந்து வரவில்லை. நான் அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலியைப் பார்க்கவில்லை. அம்மா அதிர்ச்சியாகிவிடுவாளோ, பிரஷர் ஏறிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் ஆரம்பித்தேன்.

“அம்மா, என் முதல் நோன்பு ஞாபகம் இருக்கா? மாமி என் நோன்பைக் கெடுக்கல. நான் முந்தியே முறிச்சுட்டேன். அலமாரியில இருந்த மருந்து உண்டையை நான்தான் தின்னேன். மாமி என் உயிரைக் காப்பாத்தினா.”

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விரலை உதட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“தெரியும்” என்றாள்.

“எப்போ தெரியும்?”

“அன்னிக்கே. அவ அலமாரியைத் திறந்து என்னைப் பாத்தப்பவே தெரியும். பரண்ல இருந்து ரெண்டு உண்டையை எடுத்துக் கீழ வெச்சது நான்தான். அரிசிப் பானைகிட்ட எலிப்புழுக்கை கிடந்துச்சு. மறுநாள் எடுத்துரலாம்னு வெச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. எலிக்குக் கேக்கும்னு சொல்லல.”

இவ்வளவு வருஷமும் எனக்குள் நான் புதைத்துவைத்திருந்தது அம்மாவுக்குள்ளும் அப்படியே இருந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து எழுந்துகொண்டு.

“தெரிஞ்சுமா அறைஞ்சே?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எலியைப் பார்த்தாள். “என் கால் நகரல. நீ அங்க வேர்த்துப்போய் உக்காந்திருக்கே, நான் கரண்டியைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். அவ கால் நகந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி, பெத்தவளே பிள்ளைக்கு விஷம் வெச்சான்னு ஆயிருமோன்னு பயந்துட்டேன். கை தன்னால போச்சு. அவ என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தீந்தேன். அவ சொல்லல. அதுக்கப்புறம் அவ முகத்துல எப்படி முழிக்கிறது? அதான் பிராட்வேயில ஓடினேன்.”

நான் சத்தமாக அழுதேன். கோபமா, வேதனையா என்று தெரியவில்லை. அம்மாவை உலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் உலுக்க எனக்கு என்ன யோக்கியதை? அவள் ஒரு கூடம் நிறைந்த ஜனத்துக்குப் பயந்தாள். நான் ஒரு பாயில் படுத்துக்கொண்டு பயந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் எங்களோடு இருந்திருப்பாள். வீட்டில் தெரிந்த மூன்று பேரில், எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றினவளைத்தான் வெளியே அனுப்பினோம்.

மருமகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த என்னையும் அம்மாவையும் பார்த்துப் பதறிப்போய், “என்ன உம்மா, என்ன ஆச்சு?” என்றாள். அம்மா அட்டையைக் காட்டி, “ஒண்ணுமில்ல, எலி” என்றாள். மருமகள் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “பள்ளுருத்திக்குப் போவியா?”

“போவேன்.”

“நீ தின்னதை மட்டும் சொல்லாதே. நான் வெச்சதையும் சொல்லு.”

மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனேன். மாமியை அடக்கிய கபரஸ்தானுக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. சுவரோரம் நின்றுகொண்டேன். உள்ளே நிறைய மீஸான் கற்கள். எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனதும் எங்கள் புண்ணியம்தான். அதனால் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது.

“மாமி, அம்மாதான் கீழே வெச்சாங்க. நான்தான் எடுத்துத் தின்னேன். நீ ஒண்ணும் செய்யல.”

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோக்காரப் பையன் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். “எந்தா உம்மா, ஆரோடா பறயுன்னே?” என்று கேட்டான்.

யாரிடம் என்று அவனுக்குச் சொன்னேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். முதலிலிருந்து, உரக்கச் சொன்னேன்.